தங்கம் போனது, மாவு இருக்கிறது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கோலார் தங்கவயலில் பறப்பது மாவு. கர்நாடகத்தின் அந்தத் தமிழ் ஊரில், காற்றுக் காலம் வந்தால் ஜன்னலைச் சாத்துவார்கள், தண்ணீர்க் குடத்தை மூடுவார்கள், காயப்போட்ட துணியை எடுத்து உள்ளே போடுவார்கள். ஊருக்கு நடுவிலும் ஓரத்திலுமாக 13 மேடுகள் நிற்கின்றன. ஊர்க்காரர்களுக்கு அவை சயனைடு மேடுகள். சினிமாக்காரர்களுக்கு அவை பாலைவனம். 2018-ல் வந்த 'கே.ஜி.எஃப்.' படத்துக்கான செட் இந்த மேட்டின் மேல்தான் போடப்பட்டது. செட் போட வசதியாக அங்கே மரம் மட்டை எதுவும் குறுக்கே இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி காலடி வைத்தது முதல், 2001-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை, தங்கவயல் தோண்டி எடுத்த தங்கம் சுமார் 800 டன். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உடைத்துக் கொடுத்த கல் அது. கல்லை மேலே கொண்டுவந்து, மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின், மிச்சத்தைக் குழம்பாகக் கொண்டுபோய் மேடாகக் கொட்டினார்கள். அந்த மிச்சம் இப்போது சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். சாதாரண வகுத்தல் கணக்கு போட்டுப் பார்த்தால், ஒரு சவரன் தங்கத்துக்கு 330 கிலோ மாவு. நம் பாட்டிமார் கழுத்தில் ஐந்து சவரன் சங்கிலி இருந்திருந்தால், அதன் கணக்கில் ஒன்றரை டன்னுக்கு மேல் மாவு எங்கோ ஒரு மேட்டில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மேட்டில் செடி முளைக்காததற்கு ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம் சயனைடு. பெயரே பயமுறுத்துகிறது. ஆனால் வெயிலும் காற்றும் படும் இடத்தில் சயனைடு காலப்போக்கில் சிதைந்துவிடும் பொருள். கல்லோடு வந்த கன உலோகங்கள் அப்படிப் போவதில்லை, அவை தங்கிவிடும். அந்தக் கவலை நியாயமானது. இருந்தாலும், செடிகளைப் பொறுத்தவரை முதல் பிரச்சினை மேட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான். அங்கே மண்ணே இல்லை, இருப்பது கல் மாவு. மழை பெய்தால் மேற்பரப்பு பொருக்குத் தட்டுகிறது, தண்ணீர் ஓடைகளாக அரித்துக்கொண்டு இறங்குகிறது, வெயிலடித்தால் காய்ந்து பறக்கிறது. துகள்களைப் பிடித்து நிறுத்த மட்கு இல்லை. மட்கு வர இலை விழ வேண்டும். இலை வர நைட்ரஜன் வேண்டும். கல்லில் நைட்ரஜன் அநேகமாகக் கிடையாது.

நம் விவசாயிகள் நைட்ரஜனுக்கு வைத்திருக்கும் பெயர் தழைச்சத்து. பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல்சத்து. வேதியியல் பாடப் புத்தகம் எழுதியவர்கள் இதைவிடப் பொருத்தமான பெயரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கல்லிலிருந்து வருபவை. பாறை உடைந்து, கரைந்து, மெல்ல மெல்ல மண்ணுக்குக் கிடைப்பவை. தழைச்சத்து மட்டும் கல்லிலிருந்து வருவதில்லை. மண்ணில் இருக்கிற நைட்ரஜனில் பெரும்பகுதி என்றோ ஒருநாள் காற்றிலிருந்து ஏதோ ஓர் உயிர் பிடித்துக் கொடுத்ததுதான். தங்கவயலின் கிண்டலைப் பாருங்கள்: சயனைடு என்பதே ஒரு கரி அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த ஜோடி. நைட்ரஜனை விஷ வேடத்தில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அது சிதைந்து போன பிறகு நைட்ரஜன் இல்லாத மேட்டை மிச்சம் வைத்தார்கள்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் எந்தச் செடியாலும் அதை நேரடியாகத் தொட முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை இன்றைய முறையில் தொழிற்சாலை அளவில் உடைக்கத் தொடங்கியது 1913-ல், ஜெர்மனியில். ஹேபரும் போஷும் உருவாக்கிய அந்த முறைக்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பம், சுமார் 200 மடங்கு காற்றழுத்தம் தேவை. இன்று நம் வயலுக்கு வரும் யூரியா மூட்டை ஒவ்வொன்றும் அந்த உலையின் வாரிசு. அதே வேலையைச் சாதாரண வெப்பத்தில், சத்தம் போடாமல், வேர் முடிச்சுக்குள் உட்கார்ந்து ரைசோபியம் என்ற பாக்டீரியா செய்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880-களில் இதை நிரூபித்தார்கள். பாக்டீரியா சும்மா செய்வதில்லை. மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்க வேண்டும். கூலிக்குத்தான் வேலை.

வேலை நடக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஒரு தட்டப்பயறுச் செடியையோ அகத்தி நாற்றையோ வேரோடு பெயர்த்தெடுத்து, வேரில் உள்ள குண்டுமணி போன்ற முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் உள்ளே ஆள் வேலை செய்கிறான். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது கடையை மூடிவிட்டான். அந்தச் சிவப்பு நிறம், நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் பொருளால் வருகிறது. பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் அளவாகத்தான் கிடைக்க வேண்டும். அந்த அளவைப் பார்த்துக்கொள்வது இதன் வேலை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட மரத்தை நட்டாலே போதும், அதன் வேரிலிருந்து நைட்ரஜன் ஒழுகிப் பக்கத்துச் செடிக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுகுவது கொஞ்சம்தான். மரம் கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததை முதலில் தன் இலையிலும் விதையிலும்தான் போட்டு வைக்கிறது. பக்கத்துச் செடிக்குப் பங்கு கிடைப்பது இலை உதிரும்போது, கிளையைக் கழிக்கும்போது, பழைய வேரும் முடிச்சும் செத்து மட்கும்போது. தழைச்சத்து என்ற பெயர் இங்கேதான் முழு அர்த்தம் பெறுகிறது. தழை கீழே விழவேண்டும், விழுந்த இடத்தில் கிடக்கவும் வேண்டும்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடி ஏறுவதற்கு அவர்கள் அகத்தியை நட்டார்கள். கொடிக்கு ஊன்றுகோல், மேலே அளவான நிழல், கழிக்கிற தழை உரம், மிஞ்சியது ஆட்டுக்கும் மாட்டுக்கும். ஒரே மரத்தில் நான்கு வேலை. காப்பித் தோட்டத்துக்காரர்கள் நிழலுக்கு முள்முருங்கையை வைத்து மழைக்கு முன் கிளை கழிப்பதும், மிளகுக் கொடியை அதன் மேலேயே ஏற்றுவதும் இதே கணக்குதான். நெல் வயலுக்குப் புங்கந்தழையையும் கொழுஞ்சியையும் வெட்டிப் போட்டு மிதித்தவர்கள் ரைசோபியம் என்ற பெயரைக் கேள்விப்பட்டதில்லை. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த கிளைரிசிடியாவுக்குக் கன்னட விவசாயி வைத்த பெயர் 'கொப்பரத கிட', அதாவது உரச்செடி. உலர்ந்த இலையின் எடையில் சுமார் 3 சதவீதம் நைட்ரஜன், மண்ணில் போட்ட சில வாரங்களில் மட்கிவிடும். வந்த ஊரில் அதற்கு 'கொக்கோவின் தாய்' என்று பெயர். கொக்கோவுக்கு நிழல் கொடுத்து வளர்த்ததால்.

எவ்வளவு கிடைக்கும்? நல்ல மண்ணில், நல்ல மழையில், நெருக்கமாக நட்டு அடிக்கடி கழிக்கும் தோப்பு ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேலும் நைட்ரஜனைப் பிடிக்கும். யூரியாக் கணக்கில் ஏறத்தாழ ஐந்து மூட்டை. வறண்ட இடத்தில் இதில் ஒரு சிறு பங்குதான் எதிர்பார்க்கலாம். தங்கவயல் மேட்டில் முதல் சில ஆண்டுகளுக்கு அதைவிடவும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் இடத்தில் ஒரு கிலோவும் வரவுதான்.

எல்லாக் காய் மரமும் இதைச் செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. கோலார் பக்கம் புளிய மரத்துக்குப் பெயர்போனது. புளி அவரைக் குடும்பம்தான், ஆனால் வேரில் முடிச்சு கிடையாது. சரக்கொன்றையும், மே மாதத்தில் நம் ஊர்களைச் சிவப்பாக்கும் மயில்கொன்றை மரமும் அப்படியே. மாறாக, சவுக்கு அவரைக் குடும்பமே அல்ல. ஆனால் ஃப்ராங்கியா என்ற வேறொரு பாக்டீரியாவைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் நைட்ரஜன் பிடிக்கிறது. நம் நகரங்களில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரமும் வாகையும் முடிச்சுள்ளவை. பெங்களூரிலும் சென்னையிலும் அவற்றின் சருகைக் கூட்டிக் குவித்து நெருப்பு வைப்பதைப் பார்க்கிறவர்கள், எரிவது உரம் என்று தெரிந்துகொண்டு வயிற்றெரிச்சல் படலாம்.

கோலார் மாவட்டத்துக்கு மரம் நடும் அனுபவம் நிறையவே உண்டு. அது நல்ல அனுபவமாக இல்லை. மின்சாரம் வருவதற்கு முன் சுரங்கக் கொதிகலன்கள் விறகைத் தின்றன. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்த பிறகுதான் அந்தப் பசி குறைந்தது. சமூகக் காடுகள் என்ற பெயரில் பின்னால் வந்தது தைல மரம். கேழ்வரகு விளைந்த நிலத்தில் தைலமரம் ஏறுவதை 1981-லேயே பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் ஆய்வு ஒன்று எச்சரித்தது. 1983-ல் தும்கூர் மாவட்டத்தில் ரைத்த சங்கத்து விவசாயிகள் தைல நாற்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். 2017-ல் கர்நாடக அரசே புதிதாகத் தைலமரம் நடத் தடை போட்டது. தண்ணீரைப் பற்றிய சண்டையாகவே இது நினைவில் நிற்கிறது. தழைச்சத்துக் கணக்கிலும் அது வெறும் செலவுதான்: தைலமரம் நைட்ரஜன் பிடிப்பதில்லை, அதன் எண்ணெய்ச் சருகு லேசில் மட்குவதுமில்லை, மரத்தை வெட்டிக் காகித ஆலைக்கு லாரியில் ஏற்றும்போது மண்ணிடமிருந்து வாங்கியதும் சேர்ந்து ஏறிவிடுகிறது.

சரி, மண் செத்த இடத்தில் மரம் நட்டு மீட்ட கதை நம்மிடம் உண்டா? புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் இருக்கிறது. 1968-ல் அங்கே வந்தவர்கள் கண்டது காடல்ல. செம்மண் பீடபூமி, மழையில் அரித்து அரித்துப் பள்ளத்தாக்காகப் பிளந்த பொட்டல். முதலில் வரப்பு போட்டு மழைத் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு, எதைப் போட்டாலும் செத்த இடத்தில் வளர்ந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு கருவேல வகை. தேமல் நிறப் பட்டை, வளைந்த கத்தி போன்ற இலை, வேரில் முடிச்சு. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'வேலைக்கார மரம்'. அதன் நிழலில், அதன் சருகின் மேல்தான் இந்த மண்ணுக்குச் சொந்தமான மரங்களின் கன்றுகள் பிழைத்தன. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது இந்த வேலைக்கார மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அடியில் உள்ளூர் மரங்கள் ஏற்கெனவே தயாராக நின்றிருந்த இடங்களில் காடு மறுபடி எழுந்துகொண்டது. வேலைக்காரர் வேலையை முடித்துவிட்டு விலகுவதுதான் முறை.

ஆரோவில் மண் செத்துப்போன மண், ஆனாலும் மண். தங்கவயல் மேட்டுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் நாக்பூர் அருகே கும்காவ் மாங்கனீசு சுரங்கக் கழிவு மேட்டைச் சொல்லலாம். தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான 'நீரி' அங்கே மரம் வளர்த்தது. வெறுமனே குழி தோண்டி நட்டுவிட்டுப் போகவில்லை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பிரஸ்மட் போன்ற கரிமக் கழிவை மேட்டில் கலந்தார்கள். கன்றுகளுக்கு ரைசோபியம் உள்ளிட்ட நுண்ணுயிர்களையும், வேரோடு சேர்ந்து வாழ்ந்து பாஸ்பரஸைத் தேடித்தரும் பூஞ்சையையும் ஊட்டினார்கள். இதில் சூட்சுமம் இருக்கிறது. கல் மாவில் நைட்ரஜன் மட்டுமல்ல, நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாவும் கிடையாது. ஆளை அனுப்பாமல் பட்டறையை மட்டும் கட்டினால் என்ன பிரயோஜனம்?

இன்னொரு உதாரணத்தை எச்சரிக்கையாகவும் படிக்கலாம். ஹவாய்த் தீவின் எரிமலைச் சாம்பலும் புதுக் கல் மாவுதான், அங்கேயும் நைட்ரஜன் பஞ்சம். வெளியிலிருந்து வந்து நுழைந்த மிரிக்கா ஃபாயா என்ற மரம், சவுக்கைப் போலவே ஃப்ராங்கியாவின் உதவியோடு, மண்ணுக்குச் சேரும் நைட்ரஜனைச் சுமார் நான்கு மடங்காக்கியதை பீட்டர் விட்டூசெக்கும் சகாக்களும் 1987-ல் எழுதினார்கள். மரம் இல்லாத இடத்தில் ஒரு மரம் இவ்வளவு செய்யும் என்பது ஒரு பக்கம். பஞ்சத்திலேயே வாழப் பழகிய உள்ளூர்த் தாவரங்களுக்கு அது நன்மையாக முடியவில்லை என்பது மறுபக்கம்.

நமக்கு அந்த மறுபக்கத்தின் பெயர் சீமைக்கருவேலம். தமிழ்நாட்டில் அதைத் திட்டாதவர் இல்லை. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வேரோடு அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. ஆனால் அதுவும் முடிச்சுள்ள மரம்தான். ஹரியானாவின் கர்னாலில் உள்ள உவர்நில ஆய்வு நிறுவனத்தார், எதுவும் விளையாத களர் நிலத்தில் இதை வளர்த்து, மண்ணின் காரத்தன்மை குறைந்து கரிமச்சத்து ஏறியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிரச்சினை, அது சேர்த்து வைக்கிறதே தவிர எளிதில் பங்கு கொடுப்பதில்லை. அதன் அடியில் மற்றவை முளைக்க விடாது, ஆடு தின்ற நெற்று வழியாக ஊரெல்லாம் பரவிவிடும். தங்கவயலிலும் பசுமை என்ற பெயரில் சீமைக்கருவேலம் ஏறினால் தூசி ஓரளவு அடங்கும். பின்னால் அதை இறக்க இன்னொரு திட்டம் போட வேண்டியிருக்கும். வேலைக்கார மரம் வேறு, வீட்டை எழுதி வாங்கிக்கொள்ளும் மரம் வேறு.

இதையெல்லாம் இப்போது பேசக் காரணம் உண்டு. மேடுகளில் இன்னும் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 13 மேடுகளும் நிற்கும் சுமார் 1,003 ஏக்கரில் அந்த மாவை மறுபடி அரித்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தந்தது. சுரங்கம் மூடிய பிறகு விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் வரும் ஊரில், வேலை கிடைக்கும் என்ற பேச்சு இனிப்பது இயற்கை. ஆனால் ஒரு டன் மாவில் எடுக்கப்போவது சில்லறைத் தங்கம். மாவு மாவாகவேதான் திரும்பி வரும். இடம் மாறும், புதிதாகக் கிளறிவிடப்பட்டிருக்கும், பறக்கத் தயாராக இருக்கும். சுரங்கத்துக்குள் சிலிகோசிஸ் நோயில் நுரையீரல் தேய்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். தூசி அவர்களுக்கு வெறும் அசௌகரியம் அல்ல. ஜோகன்னஸ்பர்க் நகரத்திலும் இப்படித்தான் பழைய தங்க மேடுகளை மறுபடி அரித்தெடுத்தார்கள். அங்கே 1960-களிலிருந்தே மேடுகளின் மேல் சுண்ணாம்பும் உரமும் போட்டுப் புல் விதைத்திருக்கிறார்கள், தூசிக்குப் பயந்து.

எனவே, அரித்த மாவை எங்கே கொட்டுவது என்ற ஒப்பந்தப் பத்தியிலேயே அதன் மேல் எதை, யார், எத்தனை ஆண்டு வளர்ப்பது என்பதும் எழுதப்பட வேண்டும். முதலில் சரிவைப் படிகளாக வெட்டித் தண்ணீரை நிறுத்த வேண்டும், பிறகு மட்குரம், அதன் மேல் புல்லோடு புங்கும் வாகையும் கிளைரிசிடியாவும், இவை நிழல் பிடித்த பிறகு வேம்பும் மற்றவையும். புங்கு அந்த வட்டாரத்துக்கே சொந்தம். கன்னடக்காரர்களின் ஹொங்கே அதுதான், உகாதி சமயத்தில் தளிர்த்துப் பூக்கும். ஆனால் அகத்தியும் சுபாபுல்லும் வேண்டாம். தின்னும் தழை இருந்தால் ஆடு வரும், உலோகம் கலந்த மேட்டின் தழையை ஆடு தின்றால் அது பாலுக்கும் கறிக்கும் வரும் வாய்ப்பு உண்டு. இதே காரணத்துக்காக, அந்த மேட்டின் தழையை வெட்டி வயலுக்குக் கொண்டுபோகவும் கூடாது. அங்கே விழுவது அங்கேயே கிடக்கட்டும். விறகுக்கும் சருகுக்கும் ஆள் வராமல் பார்த்துக்கொள்ள, ஊர்க்காரர்களுக்கே காவல் கூலி கொடுப்பது வேலியைவிட மலிவு.

கன்றுகளை வேறு ஊர் நர்சரியிலிருந்து லாரியில் இறக்காமல் பங்காருப்பேட்டைப் பக்கத்திலேயே வளர்க்கலாம். பாலித்தீன் பையில் மண் நிரப்பும்போது, வளர்ந்த புங்க மரத்தின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் கலக்க வேண்டும். ரைசோபியம் அதில் இருக்கும், காசு கிடையாது. ஜூன் மழைக்கு நட வேண்டுமென்றால் விதை பையில் விழ வேண்டியது அதற்குச் சில மாதங்கள் முன்பே. நடுவதற்கு முன் நாலு கன்றைப் பிரித்து, வேர் முடிச்சைக் கிள்ளிப் பார்க்கட்டும். உள்ளே சிவப்பாக இருந்தால் ஏற்றலாம்.